பாஸ் லைனைப் புரியவைத்த அக்கா

எங்கள் ஹோட்டலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, படுக்கை விரிப்பின் ஓரத்தை ஏன் மெத்தைக்கு அடியில் செருக வேண்டும் என்று அக்காவிடம் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள். பாவம், இருபது நிமிஷம் நின்றாள். அக்கா முதலில் விரிப்பைச் செருகாமல் போட்டு, அதில் தானே படுத்துப் புரண்டு, அது எப்படிக் கழன்று சுருள்கிறது என்று காட்டினார். பிறகு நான்கு மூலையும் செருகி, மறுபடி படுத்துப் புரண்டார். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "புரிஞ்சுதா? இப்ப நீ எனக்குச் சொல்லு" என்றார். அந்தப் பெண் சொன்னாள், தப்பாகச் சொன்னாள். அக்கா மறுபடி கட்டிலில் ஏறினார்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஹோட்டல் அது. நான் அங்கே பர்ச்சேஸ் கிளார்க், அக்கா ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். இரண்டு பேருக்கும் வீடு செங்கல்பட்டில். காலையில் ஒரே பஸ், திருக்கழுக்குன்றம் வழியாக. அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் பாய் என்பார். ஊரில் பாதிப்பேர் என்னைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் மெனக்கெட்டுப் பெயர் வைத்தது வீண்.

எனக்கு யாராவது எதையாவது விளக்க ஆரம்பித்தால் உடனே கொட்டாவி வரும். அக்காவிடம் கொட்டாவியும் விட முடியாது. "தூக்கம் வருதா? சரி, மொதல்லேந்து சொல்றேன்" என்பார். பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறைப் பாக்கி எப்படிக் கணக்காகிறது என்று பக்கத்து சீட்டுக் கிழவிக்கு விளக்குவார். கேஸ் சிலிண்டரின் ரப்பர் வளையம் எதற்கு, ஆதாரில் பிறந்த தேதி தப்பானால் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும், மூன்றாவது அலை மட்டும் ஏன் காலை இழுக்கிறது, எல்லாம் அவரிடம் இருந்தது. கேட்டவர் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டார். இது ஒரு வியாதி என்றே நான் நினைத்தேன்.

ஆனால் அது வேலை செய்ததை என் வீட்டிலேயே பார்த்தேன். என் அம்மாவுக்குச் சர்க்கரை. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் சொல்லிக் கேட்கவில்லை, நான் கத்தியும் கேட்கவில்லை. டீக்கு மூன்று கரண்டி சீனி. பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா இதைப் பார்த்துவிட்டு, ஒரு மெல்லிய துணியை டம்ளர் வாயில் கட்டச் சொன்னார். முதலில் தண்ணீரை ஊற்றினார், அது சரசரவென்று இறங்கியது. அடுத்து அம்மா குலாப் ஜாமூனுக்குக் காய்ச்சிவைத்திருந்த பாகை ஊற்றினார். அது துணியில் தேங்கி நின்று சொட்டுச் சொட்டாக விழுந்தது. "உங்க கிட்னி இந்தத் துணிதாம்மா. எத்தினி வருசம் தாங்கும், நீங்களே சொல்லுங்க" என்றார். அம்மா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து சீனி டப்பாவைத் தொடவில்லை. நான் அக்காவுக்கு அடிமையானது அன்றைக்குத்தான்.

"தப்பு பண்றவன் எல்லாம் புரியாமத்தான் பண்றான் பாய். புரியவெச்சிட்டா வுட்ருவான்." இதை அவர் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்வார். நானும் நம்பினேன். துணியைப் பார்த்தவனாயிற்றே.

அக்கா இந்த ஹோட்டலுக்கு வரும் முன்னால் எட்டு வருஷம் கப்பலில் இருந்தவர். சரக்குக் கப்பல் இல்லை, பணக்காரர்கள் உல்லாசமாகச் சுற்றும் கப்பல். சென்னையில் ஹோட்டல் படிப்பு முடித்து, ரூம் வேலைக்கென்று போனவரை, கணக்கு வேகமாக வருகிறது என்று சூதாட்டக் கூடத்தில் பகடை மேஜைக்கு மாற்றினார்களாம். நீளக் குச்சியால் பகடையை இழுத்து, ஆடுகிறவன் முன்னால் தள்ளுவது அவர் வேலை. இது தெரிந்த அன்று பஸ்ஸில் நான் சிரித்துவிட்டேன். "இன்னாக்கா, ஞாயித்துக்கெழமை சர்ச்சு, மத்த நாளெல்லாம் சூதாட்டமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த டெலிவரி சீட்டைப் பிடுங்கித் திருப்பிவைத்துப் பேனாவை எடுத்தார்.

"பச்சத் துணி விரிச்ச மேஜை பாய். ஓரத்துல சுத்தி ஒரு கோடு கீது. அதுக்குப் பேரு பாஸ் லைன். புதுசா வர்றவன்லாம் அதுலதான் காசு வெப்பான். ரெண்டு பகடை. மொத வீச்சுல ரெண்டையும் கூட்டினா ஏழு இல்ல பதினொண்ணு வந்துச்சா, ஜெயிச்ச. ரெண்டு, மூணு, பன்னெண்டு வந்துச்சா, தோத்த. ரெண்டு பகடையும் வுழறதுக்கு மொத்தம் முப்பத்தாறு வழி. அதுல ஜெயிக்க எட்டு வழி, தோக்க நாலே வழி."

"அப்ப நமக்குத்தானக்கா நல்லது?"

"அங்கதான் மாட்டிக்கிற."

இது திருக்கழுக்குன்றம்வரை. அங்கே பஸ் நின்று ஜனம் ஏறி இறங்கியதும் இரண்டாம் பாகம் தொடங்கியது. மீதி இருபத்துநான்கு வழியில் நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து இவற்றில் ஏதோ ஒன்று விழும். விழுந்த எண்தான் உன் பாயின்ட். இனி பகடையை வீசிக்கொண்டே இருப்பார்கள். அந்த எண் மறுபடி வந்தால் ஜெயம். அதற்கு முன்னால் ஏழு வந்துவிட்டால் தோல்வி.

"மொத வீச்சுல உனக்குச் சோறு போட்டுச்சே ஏழு, அதே ஏழுதான் இப்ப எமன். ஏழு வர்றதுக்கு ஆறு வழி. நீ எந்த நம்பருக்குக் காத்துகினு இருந்தாலும் அதுக்கு அஞ்சு வழிக்கு மேல கெடையாது."

"பயமா இருந்தா காசை எடுத்துக்கினு எழுந்துட வேண்டியதுதான்."

"எடுக்க முடியாது பாய். பாயின்ட்டு வுழுந்துட்டா பாஸ் லைன்ல வெச்சது வெச்சதுதான். ரெண்டுல ஒண்ணு வர்ற வரிக்கும் நின்னு பாக்கணும். ஆயிரம் தபா ஆடுனா நானூத்தித் தொண்ணூத்தி மூணு நீ ஜெயிப்ப, ஐந்நூத்தி ஏழு நாங்க ஜெயிப்போம்."

"அவ்ளோதானா வித்தியாசம்?"

"அவ்ளோதான். அந்த வித்தியாசத்துலதான் கப்பலே ஓடுது."

மாமல்லபுரம் வந்துவிட்டது. இறங்கும் முன் என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார். சொன்னேன். சரியாகச் சொன்னேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. கப்பலில் ஒரு வயதான தம்பதிக்கு இதே போல விளக்கியதாகவும், அவர்கள் கேட்டு முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, காசைப் பைக்குள் வைத்துச் சாப்பிடப் போய்விட்டதாகவும் அக்கா சொன்னார். மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டினாராம். அந்தத் திட்டை ஒரு மெடல் வாங்கியதைப் போலச் சொல்வார். "பாத்தியா, புரிஞ்சதும் எழுந்து போய்ட்டாங்க."

கப்பலை விட்டு அவர் வந்தது தம்பிக்காக. அப்பா முன்னமே இல்லை. தாத்தா காலத்தில் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போன குடும்பம். அம்மாதான் அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் பக்கம் தள்ளியவர். அந்த அம்மாவும் போனபோது தம்பி சார்லஸுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அக்கா அடக்கத்துக்கு வந்தவர் திரும்பப் போகவில்லை. அவனை டிப்ளமோ படிக்கவைத்தார். கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "அவன் ஒரு எடத்துல நெலையா நிக்கட்டும்" என்பார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சார்லஸ் நிற்கப் பார்த்த இடம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனி. செங்கல்பட்டிலிருந்து காலை ரயில், ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வேன். கான்ட்ராக்ட் ஆள். பதினோரு மாதம் ஆனதும் நிறுத்திவிடுவார்கள். ஒரு மாதம் வீட்டில் இருப்பான். மறுபடி கூப்பிட்டுப் புது ஆளாகச் சேர்த்துக்கொண்டு புது அடையாள அட்டை கொடுப்பார்கள். அந்த மாதிரி நான்கு அட்டை அவனிடம் இருந்தது. நான்கிலும் அதே ஃபோட்டோ, வேறு வேறு நம்பர். சாதுவான பையன். என்னை மச்சான் என்று கூப்பிட்டுத் தோளில் கைபோடுவான்.

அவன் ஃபோனில் சூதாடுகிறான் என்று அக்காவுக்கு எப்படியோ தெரிந்தது. தடை போட்டாயிற்று என்கிறார்கள், ஆனாலும் இதெல்லாம் ஃபோனுக்குள் எந்த வழியிலாவது வந்துவிடுகிறது. கலர் கலராகச் சக்கரம் சுற்றுவது, சீட்டு, பகடை என்று கண்டதையும் தொட்டுக்கொண்டிருந்தான். பெரிதாக ஒன்றும் இல்லை, டீச் செலவு மாதிரி. வேறொரு அக்காவாக இருந்தால் ஃபோனைப் பிடுங்கி உடைத்திருப்பார், நாலு அறை விட்டிருப்பார். அதுவே போதுமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் அக்காவுக்கு அது கேவலம்.

"ஞாயித்துக்கெழம வா பாய். நா ஒருத்தி சொன்னா அக்கா திட்றான்னு நெனப்பான். நீயும் இருந்தா நல்லா ஒறைக்கும்" என்றார்.

போனேன். சர்ச் முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு சார்லஸ் தரையில் உட்கார்ந்திருந்தான். அக்கா சாக்பீஸால் சிமென்டுத் தரையில் முப்பத்தாறு கட்டம் போட்டார். லூடோ டப்பாவிலிருந்து இரண்டு பகடை. எனக்குச் சொன்ன அதே பாடம்தான். ஆனால் அவனுக்குச் சீக்கிரம் பிடிபட வேண்டும் என்று புதிதாக ஒன்று சேர்த்தார். அவர்கள் அம்மா இருந்தவரை அந்த வீட்டில் விடுமுறை நாட்களில் தாயம் ஆடுவார்களாம்.

"தாயம் மாதிரியே நெனச்சுக்கடா. மொத வீச்சுல பாயின்ட்டு வுழுந்துச்சுன்னா காய் கட்டத்துல எறங்கிடுச்சி. அதே நம்பர் வந்தா பழம். ஏழு வந்தா வெட்டு. புரிஞ்சுதா?"

"நல்லாப் புரியுதுக்கா."

"இப்ப நீ சொல்லு."

அவன் சொன்னான். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னான். எட்டு வழி, நாலு வழி, பாயின்ட், ஏழுக்கு ஆறு வழி, வைத்ததை எடுக்க முடியாது, ஆயிரத்தில் நானூற்றுத் தொண்ணூற்று மூன்று. ஒன்றைக்கூட விடவில்லை. அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எழுந்து டீ போடப் போனார். அடுப்படியிலிருந்தே, "இதுக்கப்புறம் அத்தத் தொடுவியாடா?" என்று கேட்டார்.

சார்லஸ் தரையில் இருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, ஒரு டவுட்டு" என்றான். "நா கம்பெனில பர்மனென்ட் ஆவறதுக்கு ஆயிரத்துல எத்தினி சான்சு?"

டீ வடிகட்டும் சத்தம் நின்றது.

"நெஜமாத்தான் கேக்கறேன். எங்க பேட்ச்சுல எரநூறு பேரு. நாலு வருசத்துல ஒருத்தன ஆக்கிருக்கான், அவனும் சூப்பர்வைசருக்கு மச்சான். இதுல பாதிக்குப் பாதி கீதுன்ற. நீயே கணக்குப் போட்டுச் சொல்லு."

அக்கா டம்ளர்களோடு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தார். சீனி போதுமா என்று கேட்டார். எனக்கு அன்று அது பெரிதாகப் படவில்லை, கெட்டிக்காரப் பையன் அக்காவையே மடக்கிவிட்டான் என்று ரசித்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, "அவன் வுட்டுட்டான் பாய்" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

"எத வுட்டான்?"

"சக்கரம், சீட்டு எல்லாத்தையும் வுட்டுட்டான். நீ சொன்ன பாஸ் லைன் மட்டுந்தாங்கா இப்ப ஆடறேன், மத்ததெல்லாம் ஏமாத்து வேலைன்றான். எங்கிட்டயே சொல்றான்."

அது உண்மைதான். மற்ற ஆட்டங்களோடு பார்த்தால் பாஸ் லைனில் ஆடுகிறவனுக்கு நஷ்டம் குறைவு. அக்காவே சொன்னதுதான். அவர் அதைச் சொன்னது, இருப்பதிலேயே நல்லது என்கிறார்களே அதுவும் தோல்விதான் என்று காட்ட. அவன் பிடித்துக்கொண்டது, இருப்பதிலேயே நல்லது என்பதை. டீச் செலவுக்கு ஆடியவன் இப்போது சம்பளத்தை வைத்து ஆடினான். புரிந்து ஆடுகிறவனுக்குப் பயம் எதற்கு?

அக்கா மறுபடி விளக்கினார். இந்தத் தடவை ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு. அவன் அதையும் கற்றுக்கொண்டு, பாயின்ட் ஆறோ எட்டோ விழுந்தால் கோட்டுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பணம் கூட்டிவைக்கப் பழகினான். அவர் இன்னும் ஆழமாகப் போனார். அவனும் போனான். அந்தத் தரையில் சாக்பீஸ் கோடு அழியவே இல்லை. ஒரு தடவை நான் போனபோது இரண்டு பேரும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்திருந்தார்கள். படிக்கிற பிள்ளையும் டியூஷன் டீச்சரும் என்றுதான் பார்த்தவர்கள் சொல்வார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"போதும்க்கா, நிறுத்துங்க" என்றேன் வெளியே வந்ததும்.

"அவனுக்கு இன்னும் சரியாப் புரியல பாய்."

"புரிஞ்சிடுச்சிக்கா. அதான் பிரச்சனையே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அவர் வாழ்க்கை முழுக்க நம்பியதை நான் தெருவில் நின்று பொய் என்கிறேன் அல்லவா.

சார்லஸிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் வாசலில் பிடித்து நிறுத்தி, "ஏழு வந்துகினே இருக்குமேடா, இன்னா பண்ணுவ?" என்றேன்.

"வரட்டும் மச்சான். வெட்டுப்பட்டா இன்னா, மறுபடி தாயம் போட்டு எறங்கிக்கலாம். தாயத்துல காய் செத்தா போவுது?" என்றான். அப்புறம் சிரித்தான். "நா வருசா வருசம் வெட்டுப்பட்டு எறங்கறவன்தான. எனக்கு இன்னா புதுசா?"

வேன் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டான். எனக்கு அங்கேயே நின்று அழ வேண்டும் போல இருந்தது. தாயத்தில் வெட்டுப்பட்ட காய் திரும்ப வீட்டுக்கு வரும். மறுபடி தாயம் விழுந்தால் மறுபடி இறங்கும். எத்தனை முறை வெட்டினாலும் யாரும் அதைப் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. நம் வீடுகளில் சின்ன வயதிலிருந்து பகடை என்றால் நமக்குத் தெரிந்தது அதுதான். பொறுமையாகப் போட்டுக்கொண்டே இருந்தவனுக்குத் தாயம் விழாமல் போனதே இல்லை. அவனுக்குச் சீக்கிரம் புரியட்டும் என்று அக்கா பிடித்த சுருக்குவழியில், கப்பல்காரர்களின் ஆட்டம் நம் வீட்டு ஆட்டமாக அவன் மனசில் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் அக்காவிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் கையில் இருந்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து, அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன்.

"அவன் மட்டும் இல்லக்கா. நானும் ஆடிப் பாத்தேன்" என்றேன்.

"நீயா? எப்போ?"

"நீங்க பஸ்ல சொன்னீங்களே, அன்னிக்கு சாயந்திரமே. ரெண்டு நாள்தான். அப்பால அழிச்சிட்டேன்."

உண்மையைச் சொன்னால் இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். ஐந்து வேளை தொழாவிட்டாலும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிறவன், சூது ஹராம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன், ஃபோனில் ஒரு சீட்டு விளையாட்டைக்கூட அதுவரை தொடாதவன். எட்டு வழி, நாலு வழி என்று கேட்டது காதிலேயே இருந்தது. முதல் வீச்சில் பதினொன்று விழுந்தபோது, அக்கா சொன்னது சரியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். என் மனைவி ஒரு நாள் தற்செயலாகப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியதால் நின்றது. புரிந்ததால் நிற்கவில்லை.

பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றது. அங்கே ஏறிய ஒரு பெண்மணி, இந்தப் பஸ் பைபாஸ் வழியா போகுமா என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் பதில் சொன்னேன்.

அந்த வருஷம் பதினோரு மாதம் முடிந்து சார்லஸை நிறுத்தினார்கள். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று, கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பதே அக்காவுக்குத் தெரியாது. புது அட்டை வந்துவிட்டது என்று சொல்லி, தினமும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு காலை ரயிலுக்குக் கிளம்பிப் போனான். எங்கே உட்கார்ந்திருந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை போனவன் திரும்பவில்லை. ஃபோன் அணைந்திருந்தது. பிறகு அவனுக்குக் கடன் கொடுத்த யார் யாரோ அக்காவின் ஃபோனுக்குக் கூப்பிட்டு, உன் தம்பி எங்கே என்று காது கூசப் பேசினார்கள்.

இரண்டு நாள் அவரும் நானும் தேடினோம். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பெயரைக் கேட்டுப் பட்டியலைப் பார்த்து, "இந்தப் பேருல ஆளே கெடையாது" என்றார். வேன் டிரைவர் அவனைப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது என்றார். அவனோடு வேலை செய்த பையன்களின் ரூம்களுக்குப் போனோம். ஆஸ்பத்திரிப் பிணவறைக்கும் போனோம். நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்று தலையாட்டினேன். அக்கா, "இல்லைன்னா நல்லதா பாய், கெட்டதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை, அவன் கிடைக்கவே இல்லை. அக்கா அடுத்த வருஷமே வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்துகொண்டு, உறவுக்காரர்கள் இருக்கிற பக்கம் போய்விட்டார். ஃபோன் நம்பரையும் மாற்றிவிட்டார்.

தேடத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். புகார் எழுத உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர் போலிருந்தது. மரியாதையாகவே பேசினார். அக்காவுக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். பெயர், வயது, உயரம், அடையாளம், என்ன சட்டை என்று வரிசையாகக் கேட்டு எழுதினார்.

"எதுக்குப் போனாருன்னு தெரியுமா மேடம்? லவ் மேட்டரு, வூட்ல சண்ட, அந்த மாதிரி?"

அக்கா இல்லை என்று தலையாட்டினார். நான் குறுக்கே புகுந்து, "ஃபோன்ல கேம் ஆடுவான் சார்" என்றேன்.

"ரம்மியா?"

"இல்ல சார். ரெண்டு பகடை. கப்பல்ல எல்லாம் ஆடுவாங்களே, அது. அக்காவுக்குத்தான் தெரியும், அவங்க அந்த மேஜையிலயே வேல பாத்தவங்க."

கான்ஸ்டபிள் பேனாவை மூடிவைத்தார். நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்டியா மேடம்? எங்க ரூம்ல பசங்க எதோ ஆடறானுங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல. அது எப்டி ஆடறது?" என்று கேட்டார். ஏளனம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசை அந்த முகத்தில் இருந்தது.

அக்கா நிமிர்ந்தார். அவர் வாய் திறந்துவிட்டது. கை தானாக மேஜைமேல் கிடந்த வெள்ளைத் தாள் பக்கம் நகர்ந்ததை நான் பார்த்தேன். அவர் அந்தக் கான்ஸ்டபிளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"தெரியாது சார்."

"இவர் சொன்னாரே, கப்பல்ல..."

"கப்பல்ல ரூம் பெருக்கற வேல சார் எனக்கு. இவருக்குச் சரியாத் தெரியாது, எதோ சொல்றாரு. அந்த கேமெல்லாம் இன்னான்னே எனக்குத் தெரியாது."

வருஷக்கணக்கில் அந்த மேஜையில் நின்றவர் சொன்னார். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, பேனாவைத் திறந்து, காரணம் தெரியவில்லை என்று எழுதினார். அக்கா அதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டார்.